டெல்லியில் பழைய ஸ்கீ வாங்கப் போகிறவர்களுக்கு: என் 38,500 ரூபாய் போன கதை

காஷ்மீரின் குல்மார்க்கிலிருந்து நேற்று இரவுதான் மயூர் விகார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இடது முழங்காலில் கட்டு. 38,500 ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்கீ ஜோடி, அதாவது பனிச்சறுக்குப் பலகைகள், வாசல் மூலையில் சாய்ந்து நிற்கிறது. அதில் ஒன்றுக்கு, பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கே இல்லை. "மாப்பிள்ளை, இதில் துணி உலர்த்தலாமா?" என்று மாமனார் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மலையேற்றச் சாமான் விற்கும் பழைய கடை. கயிறு, கூடாரம், குளிர் உடைகளுக்கு நடுவே வெளிநாட்டுப் பழைய ஸ்கீக்களும் கிடைக்கும்.

மூன்று குளிர்காலமாகக் குல்மார்க்கில் வாடகை ஸ்கீயில் சறுக்கிப் பழகியவன் நான். இந்த முறை பார்க் ஸ்கீயிங்கைத் தொட்டுப் பார்க்க ஆசை. பனி மேட்டிலிருந்து தாவுவது, பெட்டி மேல் வழுக்கிப் போவது, பின்னோக்கி இறங்குவது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல் என்று புதிதாகச் சேர்த்தார்களே, அந்த வகை. என் பயிற்சியாளர் ஒரு சிறு மேடும் ஒரு பெட்டியும் அமைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். இதற்கு இரு முனையும் மேல்நோக்கி வளைந்த ட்வின் டிப் ஸ்கீ வேண்டும், இல்லாவிட்டால் பின்னோக்கிப் போகும்போது வால் பனியில் குத்தும். நடு அகலம் 80 முதல் 95 மில்லிமீட்டருக்குள், நிமிர்த்தி வைத்தால் உயரம் நம் மூக்குக்கும் உச்சந்தலைக்கும் இடையே. இவ்வளவும் படித்துவிட்டுத்தான் போனேன். பைண்டிங்கைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

கடைக்காரர் எடுத்து வைத்த ஜோடி நிஜமாகவே ட்வின் டிப். நடு அகலம் 86. எஃகு விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், விரிசல் இல்லை. "பைண்டிங் பின்னால் தள்ளி இருக்கிறது. பார்க்குக்கு நடுவில் இருக்க வேண்டும். அரை மணி நேரம் உட்காருங்கள், நகர்த்தித் தருகிறேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். காலுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே நீளம் இருந்தால் காற்றில் சுழல்வதும் பின்னோக்கி இறங்குவதும் எளிது. விஷயம் தெரிந்தவர் வேலையும் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். என் 38,500 ரூபாய் போனது அந்த நொடியில்தான்.

ஏலக்காய் டீ வந்தது. இளவயதில் குல்மார்க்கில் ஸ்கீயோடு நிற்கும் தன் படத்தைக் காட்டினார். பிறகு பைண்டிங்கைக் கழற்றினார். அடியில் ஏற்கெனவே இரண்டு வரிசைத் துளைகள். தீக்குச்சிகளை ஒடித்துப் பசையில் தோய்த்து அவற்றில் செருகினார். அளவுத் தகடு எதுவும் இல்லாமல் பென்சிலால் புள்ளி வைத்துத் துளையிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைத்திறனை வியந்து வீடியோ எடுத்தேன். என் பணத்தை என் கண்ணெதிரே ஓட்டை போடுகிறார், நான் டீ குடித்துக்கொண்டே படம் பிடிக்கிறேன்!

"எடை?" என்றார். 72 கிலோ என்றேன். திருகாணியைத் திருப்பி டின் எண்ணை 8-இல் வைத்தார். விழும்போது எவ்வளவு விசையில் பைண்டிங் காலை விடுவிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. எடையோடு உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடி நீளம் எல்லாம் பார்த்துத்தான் அதை வைக்க வேண்டுமாம். அடி நீளம் பூட்ஸின் குதிகால் பக்கத்திலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், என்னுடையது 305. அவர் பூட்ஸைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தங்கை கனடாவிலிருந்து வாங்கி வந்த கிரிப்வாக் பூட்ஸ் அது. நடக்க வசதியாக அடிப்பகுதி ரப்பரில் வளைந்திருக்கும். பைண்டிங்கோ தட்டை அடிக்காகச் செய்த பழைய வகை. "எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று ஓங்கி அழுத்தினார். டக்கென்று மாட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் என் மிச்ச சந்தேகமும் அடங்கிவிட்டது.

குல்மார்க்கில் இரண்டாம் நாள். முழங்கால் உயரம்கூட இல்லாத மேடு. இறங்கும்போது இடது ஸ்கீ பனியில் மாட்ட, உடல் மட்டும் திரும்பியது. பைண்டிங் பூட்ஸை விடவில்லை. அதற்குப் பதில் திருகாணிகளோடு ஸ்கீயிலிருந்தே பிய்ந்து வந்தது. அதற்குள் வாங்க வேண்டியதை முழங்கால் வாங்கிவிட்டது. பயிற்சியாளர் துளைகளைக் காட்டினார். பழைய துளைக்கும் புதியதற்கும் நடுவே ஒரு தீக்குச்சிப் பருமன் மரம்கூட இல்லை. பழைய துளைகள் வழியே எப்போதோ நீர் இறங்கி, உள்ளே மரம் டீயில் தோய்த்த ரஸ்க் மாதிரி இருந்தது. புதுத் துளை பழையதிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், பழையதை அதற்கென்று உள்ள அடைப்பான் வைத்து எபாக்சியால் மூட வேண்டும் என்றார். பிறகு டின் எண்ணைப் பார்த்தார். "உங்களுக்கு 8 வைத்தது யார்?" எனக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அங்கிருந்தே கடைக்கு அழைத்தேன். "முதலாளி லேவுக்குப் போயிருக்கிறார்" என்றது முதலாளியின் குரல். மறுநாள், "பனியில் பயன்படுத்திவிட்டீர்களே, இனி எப்படித் திருப்பி வாங்குவது?" என்றார். ஸ்கீயைப் பனியில் பயன்படுத்தாமல் கனாட் பிளேஸிலா பயன்படுத்துவார்கள்? அதற்கும் அடுத்த நாள், போனால் போகிறது என்கிற தொனியில், 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். 38,500 ரூபாய்ச் சாமான், பத்தே நாளில் 4,000! அந்த வீடியோவை அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, அதோடு சரி.

இன்று காலை நொண்டிக்கொண்டே நேரில் போனேன். கடைப்பையன் கையை நீட்டி பில் கேட்டான். ஜிஎஸ்டி பில் என்றால் கூடுதலாகும் என்று சொல்லி அவர்கள் கொடுத்தது ஒரு கச்சா ரசீது. 'ஸ்போர்ட்ஸ் சாமான் 38,500', அவ்வளவுதான் எழுத்து. கடைப் பெயர் இல்லை, முத்திரை இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அவர்களும் முதலில் கேட்டது பில்லைத்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாகக் குறிப்பு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, தோன்றியதை மட்டும் சொல்கிறேன். பழைய ஸ்கீ என்றால் எத்தனை முறை துளையிட்டது என்று கேளுங்கள், பைண்டிங்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பூட்ஸ் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். அதன் அடி வகை பைண்டிங்கில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பனியில் ஊன்றி நிறுத்தும் பிரேக் கைகள் பைண்டிங்கில் இருக்கும், அவை ஸ்கீயைவிடச் சற்றே அகலமாக இருக்கட்டும், 15 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். எடையை மட்டும் கேட்டுவிட்டுத் திருகாணியைத் தொடுகிறவர் கையிலிருந்து ஸ்கீயைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முதல் முறைதான் என்றால் வாடகையே போதும்.

பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். என் 38,500 ரூபாய் போனது கடையின் கணக்குக்கு அல்ல, யாரோ ஒரு பெண்மணியின் கணக்குக்கு. அந்தப் பெயரை அப்போதே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ரகசிய எண்ணை அழுத்தினேன்.