பாட்டிலா, ஜன்னல் கண்ணாடியா: சூளைக்குள் எது சொன்ன பேச்சு கேட்கும்?

பழைய கண்ணாடியை உருக்கித் தட்டோ கிண்ணமோ செய்ய இறங்குகிறவர்கள் முதலில் எடுப்பது பாட்டிலைத்தான். நானும் அப்படித்தான். பச்சைப் பாட்டில் துண்டுகளோடு பழுப்பு பாட்டில் துண்டுகளை அடுக்கி உருக்கினேன். சூளையைத் திறந்தபோது அழகாகவே இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அலமாரியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பச்சையும் பழுப்பும் சேரும் கோட்டை ஒட்டியே விரிசல்.

சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும். உருக்குவதற்கென்றே விற்கிற கண்ணாடியை, எவ்வளவு விரியும் என்பதைக் காட்ட 90, 96 என்று எண் போட்டுப் பிரிப்பது இதனால்தான். பாட்டிலில் அப்படி எந்த எண்ணும் இருக்காது. ஆகவே ஒரு பொருளுக்கு ஒரே பாட்டில்.

ஜன்னல் கண்ணாடி ஜெயிப்பது இந்த இடத்தில். ஒரே பலகையில் வெட்டிய துண்டுகளை எத்தனை அடுக்கு வைத்தாலும் சண்டை வராது. தட்டையாக இருப்பதால் கட்டரில் கோடு போட்டால் சொன்ன இடத்தில் உடையும். வளைந்த பாட்டிலை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நிறம் இல்லாததுதான் குறை. இன்னொரு வம்பும் உண்டு: இதை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தயாரிக்கிறார்கள். கிண்ணமாக வளைக்கும்போது வெள்ளீயம் பட்ட பக்கம் உள்பக்கமாக வந்தால், அது சுருங்கிப் பால் படிந்ததுபோல் மங்கும். சிற்றலைப் புற ஊதா விளக்கில் அந்தப் பக்கம் வெளிறி ஒளிரும். அதைக் கீழே வைத்தால் சரி.

முழு பாட்டிலை அப்படியே படுக்கவைத்துத் தட்டையாக்குவதானால் என் ஓட்டு பாட்டிலுக்கே. ஒரே கண்ணாடி, பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை. 800 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே படிந்துவிடும். உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள்.

இரண்டுமே அதிக நேரம் சூட்டில் கிடந்தால் மேற்பரப்பில் படிகம் கட்டிப் பூத்துப்போகும். உருக்குவதற்கென்றே விற்கும் கடைக் கண்ணாடியில் இந்தத் தொல்லை குறைவு. அப்புறம், ஆற்றும் கணக்கு: பிறகு விரிசல் விடாமலிருக்க, ஆறும் வழியில் ஒரு சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது. கடைக் கண்ணாடிக்கான திட்டத்தில் 480 டிகிரி வாக்கில் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கும். பாட்டிலுக்கும் ஜன்னலுக்கும் 550 டிகிரி வாக்கில் நிறுத்த வேண்டும். திட்டத்தை மாற்றாமல் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

கார் பக்கவாட்டு ஜன்னலின் டெம்பர்டு கண்ணாடியை வெட்ட முடியாது, பொலபொலவென்று உதிரும். ஆனால் ஒரே ஜன்னலின் உதிரிகள் என்றால் தாராளமாக உருக்கலாம். அடுப்பில் வைக்கும் போரோசிலிகேட் பாத்திரம் வேண்டவே வேண்டாம். அதன் எண் 33, ஜன்னலுக்கோ 85 வாக்கில்.

இரண்டு வேறு பாட்டில்களைச் சேர்த்தே தீரவேண்டும் என்றால், ஒன்றின் சில்லை மற்றொன்றின் பட்டைமேல் வைத்து உருக்கி, நன்றாக ஆறியபின் இரண்டு போலராய்டு தாள்களை (ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் தாள்) வெளிச்சம் மறையும்படி குறுக்காக வைத்து நடுவில் பிடித்துப் பாருங்கள். சில்லைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தால் அந்த ஜோடி ஆகாது.