பல் நாற்காலியில் வி.ஆர்.: இரண்டு வருட அனுபவம்

குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவர் நான். இரண்டு வருடமாகச் சிகிச்சையின்போது வி.ஆர். ஹெட்செட்டைப் பயன்படுத்துகிறேன். கண்ணை மூடியபடி மாட்டிக்கொண்டால், கடலோ காடோ சுற்றிலும் இருப்பதுபோலக் காட்டும் கருவி அது. வாங்கலாமா என்று யோசிக்கும் மருத்துவர்களுக்கும், பிள்ளைக்குப் போட விடலாமா என்று தயங்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பலன் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவனம் வேறெங்காவது லயித்துவிட்டால் வலி அவ்வளவாக உறைக்காது. 1990களிலேயே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது நோயாளிகளுக்கு ஒரு மெய்நிகர் உலகத்தைக் காட்டி, இதைச் செய்து பார்த்தார்கள். பல் நாற்காலியில் பயமுறுத்துவது பெரும்பாலும் ஊசியும் டிரில் சத்தமும்தான். ஹெட்செட் ஒன்றை மறைக்கிறது, மற்றதை அமுக்குகிறது.

ஆனால் மறைப்பதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு சிறுமி ஹெட்செட்டில் தெரியும் மீன்களில் மூழ்கியிருக்கிறாளே என்று நினைத்து, சொல்லாமலே ஊசி போட்டுவிட்டேன். துள்ளி எழுந்து அழுதாள். வலித்ததற்காக அல்ல, ஏமாற்றிவிட்டேன் என்பதற்காக. தவறு முழுக்க என்னுடையது. இப்போது சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்ற பழைய முறையைத்தான் முதலில் முடிக்கிறேன். சுழலும் பிரஷ்ஷை விரல் நகத்தில் ஓட்டிக் காட்டிவிட்டு, அப்புறம்தான் ஹெட்செட். என் குரல் கேட்கும் அளவுக்கே ஒலி. பிள்ளை இடது கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன்.

ஹெட்செட்டுக்குள் பிள்ளையின் கண் எனக்குத் தெரியாததால் பயத்தை வேறிடத்தில் தேட வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையோடு வந்த 11 வயதுப் பையன் ஒருவன் அசையாமல் படுத்திருந்தான். கால் விரல்கள் மட்டும் சாக்ஸுக்குள் இறுக மடங்கியிருந்தன. நிறுத்திவிட்டு, “என்னப்பா தெரியுது?” என்றேன். வாயில் பஞ்சோடு, “ஆமை” என்றான். அந்த ஆமை எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். விரல்கள் மெல்ல விரிந்தன. பிறகுதான் டிரில்லை எடுத்தேன்.

தொல்லைகளும் உண்டு. மேல் முன்பல்லில் வேலை என்றால் ஹெட்செட்டின் கீழ்விளிம்பு கையில் இடிக்கும், அதனால் போடுவதில்லை. நாற்காலியைச் சாய்த்தபின் காட்சியைத் திரும்ப மையப்படுத்தாவிட்டால் பிள்ளை வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வேகமாக ஓடும் காட்சிகள் குமட்டலைக் கிளப்பும், தலையைத் திருப்பச் சொல்லும் விளையாட்டுகள் என் வேலையைக் கெடுக்கும். மெதுவாக நகரும் கடல், காடு போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முக உறையை மாற்றித் துடைப்பதில் சோம்பல் கூடாது. வலிப்பு வந்ததுண்டா என்று கட்டாயம் கேட்டுவிடுங்கள்.

வயதையும் பாருங்கள். மெட்டா குவெஸ்ட் என்ற ஹெட்செட் 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அல்ல என்று அந்த நிறுவனமே சொல்கிறது, நானும் அதை மீறுவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கூரையில் ஒரு திரை, பிடித்துக்கொள்ள அம்மாவின் கை.

அந்தச் சிறுமி இப்போதும் என்னிடம்தான் வருகிறாள். ஹெட்செட் வேண்டாம் என்கிறாள். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுகிறேன், நான் செய்வது ஒவ்வொன்றையும் அதில் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள்.