பன்னிரண்டு பேராசிரியர்களுக்கு ஒரே கடிதம்: 480 ரிங்கிட் சேவை பற்றி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடை வரிசையொன்றின் மாடியில் இயங்கும் உயர்கல்வி விண்ணப்ப உதவி நிலையத்தில், சென்ற ஆண்டு 480 ரிங்கிட் கட்டி, என் சார்பில் வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் ‘பேராசிரியர் தொடர்பு’ என்னும் சேவையைப் பெற்றேன். பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்களின் வேலையும் வீடும் பறிபோகாதிருக்க, மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கிய குடும்பங்களின் வாய்மொழி வரலாறுதான் நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய விரும்பும் பொருள். அவர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு வேறு எதை ஆராய்வது?

“டீச்சர், ஒரு புரொஃபசர் சரின்னு எழுதிட்டா போதும், இடம் உறுதி” என்றார் நிலையத்துக்காரர். நம்பினேன்.

பன்னிரண்டு மின்னஞ்சல்களை அனுப்பிய பிறகுதான் நகலைக் காட்டினார்கள். எல்லாம் ஒரே கடிதம். பேராசிரியரின் பெயர் மட்டும் மற்ற எழுத்தைவிடச் சற்றுப் பெரிதாகவும் சாம்பல் நிறத்திலும் இருந்ததால், வெட்டி ஒட்டியது பார்த்தவுடனே தெரிந்தது. ‘தங்கள் ஒப்பற்ற ஆய்வுகள் என் வாழ்வை மாற்றின’ என்றிருந்ததே தவிர, எந்த ஆய்வு என்று இல்லை. ஒரு கடிதம் சமஸ்கிருதக் காவியங்களை ஆராய்பவருக்குப் போயிருந்தது. ‘கூட்டுறவு’ என்ற சொல் எங்குமே காணப்படவில்லை.

வந்த பதில்கள் மூன்று. ஒன்று, நீண்ட ஆய்வு விடுப்பில் இருப்பதாகச் சொன்ன தானியங்கி மறுமொழி. அமெரிக்காவிலிருந்து வந்தது, சேர்க்கையைக் குழுதான் முடிவு செய்யும், தனியொருவரின் இசைவு தேவையில்லை என்று மரியாதையாகச் சொன்னது. பிரிட்டனிலிருந்து எழுதியவர் இரண்டு பக்க ஆய்வுத் திட்டம் கேட்டார். அதை யார் எழுதுவது என்று நிலையத்தில் கேட்டதற்கு, அது தனிக் கட்டணம் என்றார்கள்.

பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுதுவதன் பயன் நாட்டுக்கும் துறைக்கும் ஏற்ப மாறும் என்பது நிலையத்தாருக்குத் தெரியாததுதான் என் முதன்மையான குறை. அறிவியல் துறைகளில் மாணவருக்கான பணம் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து வருவதால், அங்கே முன்கூட்டியே எழுதுவது கதவைத் தட்டுவதற்குச் சமம். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் அமெரிக்காவில் பணத்தைத் தருவது பெரும்பாலும் பல்கலைக்கழகமே. நோக்கக் கட்டுரையையும் எழுத்து மாதிரியையும் பரிந்துரைக் கடிதங்களையும் ஒரு குழு படிக்கிறது. மாணவர் சில ஆண்டுகள் பாடம் படித்த பிறகே மேற்பார்வையாளர் உறுதியாவது வழக்கம். அங்கும் எழுதலாம், ஆனால் வேறு காரணத்துக்காக: அந்தப் பேராசிரியர் ஓய்வு பெறப் போகிறாரா, அந்த ஆண்டு மாணவர்களை எடுக்கிறாரா என்று அறிய. சிகாகோ பல்கலைக்கழகம் 2025இல் கலைத்துறைகள் பலவற்றில் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தும் நிறுத்தியும் வைத்த பிறகு, விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டறிவது வீண் வேலையல்ல. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நிலைமை வேறு. அங்கே முதல் நாளே ஆய்வு தொடங்குவதால், மேற்பார்வையாளர் கிடைக்காத விண்ணப்பம் பெரும்பாலும் நகராது. நம் நாட்டிலும் ஆய்வுவழிப் பட்டத்துக்கு மேற்பார்வையாளரை முன்பே தேடிக்கொள்வதுதான் வழக்கம்.

பிறகு நானே மூவருக்கு எழுதினேன். ஐந்தே வாக்கியங்கள்: நான் யார், என்ன ஆராய விரும்புகிறேன், அவருடைய எந்தக் கட்டுரையின் எந்தப் பகுதி என் கேள்வியைத் தொடுகிறது, எந்த முதியவர்களிடம் பேட்டி எடுத்து வருகிறேன், வரும் ஆண்டில் மாணவர்களை ஏற்கிறாரா. டிசம்பர், ஜனவரியில் முடியும் விண்ணப்பங்களுக்குச் செப்டம்பரிலேயே எழுதிவிட்டேன். இருவர் பதில் எழுதினார்கள். ஒருவர் நான் அறிந்திராத ஆவணத் தொகுப்பு ஒன்றையும் சுட்டிக்காட்டினார்.

நிலையத்தாரிடம் நல்லதும் உண்டு. சான்றிதழ்களை மொழிபெயர்த்து உறுதிப்படுத்தும் வேலையை இரண்டே நாளில் பிழையில்லாமல் முடித்தார்கள், பணிப்பெண்ணும் பொறுமையானவர். மீண்டும் போனால் அதற்கு மட்டுமே போவேன், அதற்கான கட்டணம் 60 ரிங்கிட்.