ஆடும் முள்ளோடு எட்டு வருடம்

சித்தப்பா மகன் போன வாரம் நீடாமங்கலத்திலிருந்து பேசினான். கார்புரேட்டர் காலத்துக் கார் ஒன்று மலிவாக வருகிறதாம். எஞ்சின் நன்றாக இருக்கிறது, வேகம் காட்டும் மீட்டர் முள் மட்டும்தான் ஆடுகிறது, "அது சின்ன வேலைதானே அண்ணா?" என்று கேட்டான். சின்ன வேலைதான். அந்தச் சின்ன வேலை எனக்கு முடிய எட்டு வருடம் ஆனது. பேசினால் கோபம் வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1986ஆம் வருடத்துக் கார். அதன் ஓட்டம், குடிக்கும் பெட்ரோல், வெயில் காலத்து அவஸ்தை எல்லாம் ஊரறிந்த கதை. முள்ளுக்கு வருகிறேன். 2016 ஐப்பசியில் ஆரம்பித்தது. வண்டி நாற்பதில் போனால் முள் இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவில் சாமியாடியது. டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொல்வதுபோல டிக் டிக் என்று ஒரு சத்தம் வேறு.

தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் விட்டேன். கையை உள்ளே விடாமலே "மீட்டர் போய்விட்டது" என்றார்கள். காயலான் கடையிலிருந்து பழைய மீட்டர் ஒன்றை வரவழைத்து மாட்டி, பணமும் வாங்கிக்கொண்டார்கள். மாரியம்மன் கோவிலைத் தாண்டுவதற்குள் புது முள்ளும் ஆடத் தொடங்கிவிட்டது.

ஆட்டத்தைக்கூட மன்னித்துவிடலாம். எங்கள் மீட்டரில் 84,312 என்று இருந்தது. வேளாங்கண்ணி, திருநள்ளாறு, வைத்தீஸ்வரன் கோயில், அக்காவுக்கு வரன் பார்க்கப் போன கும்பகோணம் என்று முக்கால்வாசியும் அப்பா ஓட்டியது. பெட்ரோல் போடும்போதெல்லாம் அந்த எண்ணைச் சின்ன நோட்டில் குறித்துவைப்பார். இப்போது கண்ணாடிக்குள் இருப்பது முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய 31 ஆயிரம் கிலோமீட்டர். மறுநாளே போய்ப் பழையதைக் கேட்டேன். "அதை எதற்கு வைத்திருக்கிறோம், இரும்போடு போட்டாயிற்று" என்றார்கள்.

பிறகுதான் இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பேட்டரியே வேண்டாம். கியர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் வந்து மீட்டருக்குள் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, ஆனால் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதையும் உடன் இழுக்கும். மயிரிழை போன்ற ஸ்பிரிங் பின்னால் இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கிலோமீட்டர் எண்கள் காந்தத்தை நம்பியில்லை, அதே கேபிளிலிருந்து பல்சக்கரம் வழியாக நகர்கின்றன. ஆகவே முள், எண் இரண்டும் நின்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர் பெட்டியில் அதைச் சுற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். எண் ஓடி முள் மட்டும் கிடந்தால்தான் மீட்டரைத் தொட வேண்டும். எண் ஒழுங்காக ஓடி, முள் ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளை. கேபிள் விட்டுவிட்டுச் சுற்றியதை எங்கள் முள் உள்ளபடியே சொல்லிக்கொண்டிருந்தது. உண்மை சொன்னதைத்தான் காயலான் கடைக்கு அனுப்பினார்கள்.

அடுத்த பட்டறையில் கேபிளின் மேலுறையை விட்டுவிட்டு, அதற்குள் சுற்றும் கம்பியை மட்டும் மாற்றினார்கள். ஒரு கோடை முழுக்க முள் அசையாமல் நின்றது. மழை பிடித்ததும் மறுபடி ஆட்டம். இப்படி மூன்று கம்பிகள். கைப்பேசியில் வேகம் தெரிகிறதே, இதை விட்டுத் தொலையுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். விடவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் அம்மாப்பேட்டைப் பக்கம் டிராக்டரும் பம்புசெட்டும் பார்க்கும் ஒரு பெரியவர். கம்பியை உருவி சிமெண்ட் தரையில் போட்டு உள்ளங்கையால் உருட்டினார். நேரான கம்பி வழுக்கிக்கொண்டு உருளுமாம், என்னுடையது துள்ளியது. துள்ளிய இடத்தில் துரு. "தண்ணீர் எங்கே இறங்குகிறது?" என்றபடி மேலுறையை விரலால் தடவிக்கொண்டே போனவர், பானட்டுக்குள் ஓரிடத்தில் நிறுத்தினார். எலிக்கடி. எங்கள் கார் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் வைக்கோல் போர். அறுவடை முடிந்தால் வயல் எலிக்கு வேறு போக்கிடம் எது? எட்டு வருடமாக ஓட்டை உறைக்குள்தான் புதுக் கம்பிகளைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறோம். உறையோடு முழுக் கேபிளையும் மாற்றினார். ஒரு மணி நேர வேலை.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்பிக்கு கிரீஸை இலேசாகத் தடவு, மேல் முனையில் ஒரு சாண் விட்டுவிடு என்று அவர் சொன்னதைக் கேட்காமல், அடுத்த மாதம் நானே நுனிவரை அப்பினேன். கிரீஸ் மீட்டருக்குள் ஏறிக் கிண்ணமும் காந்தமும் ஒட்டிக்கொண்டன. முதல் கியரில் ஊர்ந்தபோதே முள் 120இல் போய் முட்டியது. பிரித்துத் துடைத்துச் சரி செய்தேன். பிரித்துத் துடைக்க முடிகிற பொருள் என்பதே இதன் பெரிய சுகம்.

பிறகு வடுவூர் ஏரியைத் தாண்டி மன்னார்குடி போகும் வழியில் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சோதித்தேன். முள்ளை ஐம்பதில் பிடித்தால் கல்லுக்குக் கல் 72 விநாடி ஆக வேண்டும். மகள் நேரம் பார்த்தாள்: 78. அப்படியென்றால் உண்மையில் 46. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது, பரவாயில்லை. பத்துக் கல்லுக்கு எண்கள் சரியாகப் பத்து நகர்ந்தன. முள்ளும் கோயில் தீபம்போல நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டி இரண்டு முறை வேகத்தடையைக் கவனிக்காமல் விட்டேன்.

ஆகவே தம்பி, அந்த வண்டியை வாங்காதே. கேபிளைக் கழற்றினால் எண்ணும் நின்றுவிடும். எத்தனை வருடம் கழற்றிப்போட்டு ஓட்டினார்களோ, மீட்டரில் இருப்பதை நம்பி விலை பேச முடியாது. விற்கிறவரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்: மீட்டர் வண்டியோடு வந்ததா, இடையில் மாற்றியதா? வண்டியோடு வந்ததுதான் என்றால் யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வை. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.