திருநகர் மாடியில் கிரேக்கக் கைப்பக்குவம்

கப்பலில் இருபத்திரண்டு வருடம் சமையல்காரனாக இருந்தவன் நான். அதில் கடைசிப் பதினோரு வருடம் கிரேக்க முதலாளிகளின் கப்பல்கள். 2006-இல் எங்கள் கப்பலைப் பழுது பார்க்க பிரேயஸ் பக்கத்திலுள்ள பெராமாவில் ஏற்றினார்கள். இரண்டரை மாதம் அங்கேயே கிடந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்து பாலேயோ ஃபாலிரோவுக்குப் போய்விடுவேன். ஏதென்ஸுக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற புறநகர் அது. பிரேயஸ் தலையெடுப்பதற்கு முன்னால் ஏதென்ஸுக்கு அதுதான் துறைமுகம். இப்போது அடுக்குமாடி வீடுகள், கரையோரமாகவே ஓடுகிற டிராம், 1910-இல் கடலில் இறக்கிய அவெரோஃப் என்ற போர்க்கப்பல் மியூசியமாக நிற்கிற துறை. கப்பலை ஒருமுறை பார்த்தேன். மற்ற ஞாயிறெல்லாம் பின்தெருவில் இருந்த ஒரு தவெர்னாவில்தான் போனது.

தவெர்னா என்றால் நம் ஊர் மெஸ் மாதிரி. மேஜைமேல் காகிதத்தை விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் கிளிப் போட்டிருப்பார்கள். மீனுக்குக் கிலோ கணக்கில் விலை. உள்ளே கூப்பிட்டு ஐஸில் கிடக்கிற மீனைக் காட்டுவார்கள், நாம் கை காட்டினால் எடை போட்டு அடுப்புக்கு அனுப்புவார்கள். நானும் சமையல்காரன் என்று தெரிந்த பிறகு, அங்கே கரி அடுப்பு பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பக்கத்தில் நிற்கவிட்டார். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை பத்து வார்த்தை தெரியும். அவர் கைக்கெட்டுகிற இடத்தில் இரண்டு டப்பா, ஒரு பாட்டில், ஒரு கூடை. உப்பு, காய்ந்த ஓரிகனோ, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சம்பழம். அவ்வளவுதான். கறி, மீன், கணவாய் எல்லாவற்றுக்கும் அதே நாலு சாமான்.

ஊருக்கு வந்து நிரந்தரமாக உட்கார்ந்த பிறகு மதுரையில் அந்த ருசியைத் தேடாத இடம் இல்லை. ஒரு பெரிய ஹோட்டலில் கிரேக்க உணவுத் திருவிழா என்று போட்டிருந்தார்கள். ஆசையாகப் போனேன். சவ்லாகி என்றால் குச்சியில் குத்திக் கரியில் சுடுகிற கறி. அந்தப் பெயரில் வைத்திருந்த கறியில் சிவப்பு மசாலா பூசியிருந்தது. ஜஜீக்கி, அதாவது வெள்ளரியும் பூண்டும் போட்ட கெட்டித் தயிர் என்று வைத்திருந்தது நம் பிரியாணிக்கு ஊற்றுகிற வெங்காயப் பச்சடி. இன்னொரு கடையில் ‘கிரீக் ரோல்’ கேட்டால் ஷவர்மாவையே மயோனைஸ் தடவி நீட்டினார்கள். மதுரைக்காரனுக்கு மசாலா பிடிக்காமல் இருக்குமா? கறிதோசையும் குடல் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த உடம்புதான் இது. ஆனால் எலுமிச்சையையும் ஓரிகனோவையும் நம்பி நிற்கிற கறியில் ஒரு சிட்டிகை மல்லித்தூள் விழுந்தாலும் அந்த ருசி செத்துவிடும். அதைத்தான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

போன ஆடி மாதம் மச்சினன் மகன் வந்து, “மாமா, திருநகர்ல ஒரு அம்மா வீட்டு மாடியில கிரேக்கச் சாப்பாடு செய்றாங்களாம், ஒரு தடவை வந்து பாருங்க” என்றான். பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் கிளம்பினேன். அதன்பிறகு இதுவரை ஆறு தடவை போய்விட்டேன்.

அந்த அம்மாவுக்குத் திருமங்கலம் பக்கம் சொந்த ஊர். கணவரின் வேலைக்காக சிட்னியில் பதினாலு வருடம் இருந்திருக்கிறார், பிரைட்டன் லெ சாண்ட்ஸ் என்ற இடத்தில். பாட்டனி விரிகுடாவை ஒட்டின புறநகர், கிரேக்கக் குடும்பங்கள் நிறைய. பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கப் பாட்டி. கிரேக்கத்தில் பாட்டியை யாயா என்பார்கள், இவரும் அப்படித்தான் சொல்கிறார். “யாயா என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாங்கண்ணே” என்றார். வீட்டுச் சமையலாகவே இருக்கட்டும், பெயரெல்லாம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் மூன்றாவது பஸ் ஸ்டாப்பில் இறங்கி, கரிப்புகை வருகிற மாடி எது என்று கேளுங்கள். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் நான் சோதித்துப் பார்த்தது ஜஜீக்கியைத்தான். அது சரியாக இருந்தால் மற்றதையும் நம்பலாம். எருமைத் தயிரை முந்தின இரவே பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிடுகிறார். காலையில் பார்த்தால் கிட்டத்தட்ட வெண்ணெய் பதத்தில் இருக்கிறது. வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் போட்டு அரைமணி நேரம் வைத்து, கை வலிக்கிற மாதிரி பிழிகிறார். பிழிந்த தண்ணீரே ஒரு டம்ளருக்கு வந்தது. அப்புறம் உரலில் நசுக்கிய பூண்டு, கொஞ்சம் வினிகர், ஆலிவ் எண்ணெய், பொடியாக அரிந்த சதகுப்பை இலை. சதகுப்பை விதையை நாட்டுமருந்துக் கடையில் வாங்கித் தொட்டியில் போட்டு வளர்த்திருக்கிறார். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார், அசையவில்லை. வாயில் வைத்ததும் முதலில் தயிரின் கொழுப்பு, பின்னால் பூண்டின் காரம் மெதுவாக ஏறி மூக்கில் நின்றது. கிரேக்க நாட்டில் ஆட்டுத் தயிரிலும் செய்வார்கள். செம்மறியாட்டுப் பால் மாதிரியே எருமைப் பாலிலும் கொழுப்பு அதிகம் என்பதால், பாக்கெட் பசும்பால் தயிரைவிட இது எவ்வளவோ நெருக்கம். சின்னக் கிண்ணம் 120 ரூபாய். கொடுக்கலாம்.

சவ்லாகியில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது. கிரேக்கத்தில் அது பெரும்பாலும் பன்றிக்கறி. சிட்னியில் பழகியதால் அவர் மனதில் இருப்பது செம்மறிக்கறி. இங்கே அவர் போடுவது வெள்ளாட்டுத் தொடைக்கறி, இளசாகப் பார்த்து. வெள்ளாட்டில் கொழுப்புக் குறைவு, கொஞ்சம் அசந்தால் கரி அடுப்பில் விறைத்துவிடும். “இதுக்குக் கோழித் தொடையே மேல்மா” என்றேன். “அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் வாங்க, சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க” என்றார். வெங்காயத்தை அரைத்துப் பிழிந்த சாறு, எண்ணெய், ஓரிகனோ, உப்பு. இதில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவைக்கிறார். எலுமிச்சையை ஊறலில் போடுவதே இல்லை, குச்சியை அடுப்பிலிருந்து எடுத்த பிறகுதான் பிழிகிறார். முன்னாலேயே பிழிந்தால் புளிப்பு கறியின் மேல்பக்கத்தை வெளுக்கவைத்து மாவு மாதிரி ஆக்கிவிடும். ஃபாலிரோ பெரியவரும் கடைசியில்தான் பிழிவார். துண்டுகள் சின்னவை, பெருவிரல் நுனி அளவு. அதனால் உள்ளே வேகிறதற்குள் வெளியே கரியவில்லை.

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். கறி கறியாகவே ருசித்தது. நாலு குச்சியும் ரொட்டியும் 380 ரூபாய். நாலாவது தடவை போனபோது மட்டும் கறி வறண்டிருந்தது. அன்றைக்குக் கூட்டம், அடுப்பைக் கவனிக்க ஆள் இல்லை. கேட்டதும் மறுப்பே சொல்லாமல் வேறு குச்சிகள் போட்டுக் கொடுத்தார். கூட்டமான நாளில் போகிறவர்கள் கோழியே வாங்குங்கள், 260 ரூபாய்தான்.

ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கப் பீத்தா, ஷவர்மா கடை ரொட்டி மாதிரி உள்ளே பை போலப் பிரியாது. தடிப்பாக, மெத்தென்று இருக்கும். மேலே எண்ணெய் தடவிக் கரியிலேயே வாட்டுவார்கள். இவருடையது அப்படியே இருக்கிறது.

அடுத்தது நெத்திலி. இதை எழுதத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். ஃபாலிரோ தவெர்னாவில் கவ்ரோஸ் என்று ஒரு தட்டு வரும். அது நெத்திலிதான், நம் நெத்திலிக்குப் பங்காளி. நாம் மிளகாய்த்தூளும் இஞ்சிபூண்டும் பிசறி வறுப்போம். அவர்கள் உப்பும் மாவும் மட்டும் புரட்டி, சூடான எண்ணெயில் போட்டு எடுத்துவிடுவார்கள். இந்த அம்மா ஞாயிறு விடிகாலையில் கரிமேடு மார்க்கெட்டுக்குப் போய், கண் தெளிவாக, வயிறு உடையாமல் இருக்கிறதாகப் பொறுக்கி வாங்குகிறார். நல்ல நெத்திலி கிடைக்காத ஞாயிறு அந்த அயிட்டமே கிடையாது, ஐஸில் நாள்பட்டதை வாங்கி ஒப்பேற்றுவதில்லை. மாவில் புரட்டி, சல்லடையில் போட்டு உதறி, மிச்ச மாவைக் கொட்டிவிட்டுத்தான் சட்டியில் போடுகிறார். கடலை எண்ணெய். முள்ளோடு மொறுமொறுவென்று கடித்தால் உள்ளே சதை வெள்ளையாக, ஈரமாக இருக்கிறது. மேலே எலுமிச்சைச் சாறு.

என் மனைவி முதல் மீனை எடுத்துப் பார்த்து, “என்னங்க, வெறும் உப்புதானா?” என்றாள். மதுரையில் வெள்ளையாக வறுத்த மீனை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று அவளுக்குச் சந்தேகம். ரெண்டாவது மீனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தட்டு காலியானபோது, “மீனுக்கு இப்படி ஒரு இனிப்பு இருக்குறது எனக்கு இவ்வளவு நாள் தெரியலையே” என்றாள். முப்பது வருடம் மீன் கழுவிச் சமைத்தவள் சொன்ன வார்த்தை அது. ஒரு தட்டு 220.

நாட்டுச் சாலட் என்று அவர்கள் சொல்கிற ஹொரியாதிக்கியில் எனக்கு ஒரு குறை உண்டு. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடைமிளகாய், ஆலிவ் எல்லாம் பெரிய துண்டுகளாகச் சரியாகவே இருக்கின்றன. இலைகோசு எதுவும் போட்டு ஏமாற்றவில்லை. புளிப்பான நாட்டுத் தக்காளி என்பதால் ருசி தூக்கலாக இருக்கிறது. ஆனால் மேலே பலகை மாதிரி வைக்க வேண்டிய ஃபெத்தாவுக்குப் பதில் உப்புத் தண்ணீரில் ஊறின பன்னீர். ஃபெத்தா செம்மறியாட்டுப் பாலில் செய்வது, வெள்ளாட்டுப் பால் முப்பது சதவீதம் வரை சேரலாம். 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்கப் பாலாடைக்கட்டிக்கு மட்டுமே அந்தப் பெயர். மாதக்கணக்கில் உப்புநீரில் பழுத்து வருகிற அந்தப் புளிப்பு, பாலைத் திரித்த பன்னீருக்கு எப்படி வரும்? ஆனால் அவர் எழுதிவைத்திருக்கிற பட்டியலில் ‘பன்னீர்’ என்றே போட்டிருக்கிறார், ஃபெத்தா என்று போடவில்லை. அந்த நேர்மைக்காகவே சாப்பிட்டேன். பன்னீரோடு 180. வெளிநாட்டு ஃபெத்தா டப்பா கிடைக்கிற வாரம் 340. போன் பண்ணும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், டப்பா இருந்தால் 340-ஐயே கொடுங்கள்.

மூசாக்கா சுமார். கத்தரிக்காய், கொத்துக்கறி, மேலே வெள்ளைச் சாஸ் ஊற்றி ஓவனில் வைத்தது. கொத்துக்கறியில் பட்டை போடுவது கிரேக்கப் பக்குவம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். மேல் சாஸ்தான் கனம், ஒரு துண்டுக்கு மேல் இறங்காது. மாவுத்தாளுக்குள் கீரை வைத்துச் சுடுகிற ‘பை’ (pie) என்ற பலகாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஃபிலோ என்கிற காகிதம் போன்ற மாவுத்தாள் இங்கே கிடைக்காததால் சமோசா பட்டியில் செய்கிறார். அது மொறுமொறுக்கிறது, ஆனால் சருகு மாதிரி உதிர வேண்டியது உதிரவில்லை.

கீரையைச் சொல்லாமல் விட்டால் பாவம். கிரேக்கர்கள் ஹோர்த்தா என்று ஒன்று சாப்பிடுவார்கள். கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றுவது. கோடைக்காலத்தில் அவர்கள் அதற்கு எடுக்கிற வ்லீத்தா நம் தண்டுக்கீரை, முளைக்கீரை ஜாதிதான். ஃபாலிரோவில் முதல்முறை தட்டில் பார்த்தபோது எனக்கு எங்கள் ஆத்தா கடைந்து வைக்கிற சட்டி ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. கப்பலில் ஏறி எட்டு மாதம் கீரையையே பார்க்காதவன் அப்போது. இந்த அம்மா அதே முளைக்கீரையைத் தண்டோடு, குழையாமல் வேகவைத்து, சாப்பாடு வாங்குகிற எல்லோருக்கும் கொசுறாக ஒரு கரண்டி வைக்கிறார். காசு வாங்குவதில்லை. “யாயா வீட்டுல இது இல்லாம யாரையும் எந்திரிக்க விடமாட்டாங்கண்ணே” என்றார்.

யவனர்கள் என்று நாம் சொன்ன கிரேக்க, ரோமானிய வியாபாரிகள் மிளகுக்காகக் கடல் தாண்டி நம் பக்கம் வந்து போனதை எல்லோரும் படித்திருப்போம். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. மிளகுக்குக் கிரேக்கத்தில் பிபேரி என்று பெயர், நம் திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலியிலிருந்து போன சொல். அவர்கள் பெயரையும் சரக்கையும் வாங்கிக்கொண்டு போனார்கள், கீரை மட்டும் இரண்டு கரையிலும் தானாகவே முளைத்துக்கொண்டிருக்கிறது.

சனி சாயங்காலமும் ஞாயிறு மதியமும் மட்டும்தான் அடுப்பு எரியும். வியாழன் ராத்திரிக்குள் சொல்லிவிட வேண்டும், ஒரு நாளைக்கு முப்பது சாப்பாட்டுக்கு மேல் எடுப்பதில்லை. மாடியில் மூன்று மேஜை, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் படிக்கட்டில் கவனம், கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. பார்சலுக்கு வீட்டிலிருந்து டிபன் கேரியர் கொண்டுபோனால் அவருக்குச் சந்தோஷம். ஜஜீக்கியையும் கறியையும் தாராளமாகப் பார்சல் வாங்கலாம். நெத்திலியை மட்டும் சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், பழங்காநத்தம் தாண்டுவதற்குள் வதங்கிவிடும்.