ரிஜிஸ்டர் சேராத வியாழன்

ஜூனோ விண்கலத்தின் கேமராவான ஜூனோகேமிலிருந்து நான் இறக்கிய முதல் கோப்பைத் திறந்தபோது வியாழன் கோள் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சாரைப்பாம்பு. 1648 பிக்சல் அகலம், உருட்ட உருட்டத் தீராத நீளம், முழுக்கச் சாம்பல் நிறத் துண்டுகள். ஒரு மேகச் சுழியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கீழே போனால் அதே சுழி மறுபடி தலைகாட்டுகிறது. இன்னும் கீழே போனால் இன்னொரு தடவை. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் இறக்கினேன். அதே பாம்பு.

துண்டுகளின் வரிசையைக் கவனித்த பிறகு சிரிப்பு வந்தது. சாம்பலாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு துண்டும் ஒரு நிறத்துக்கானது: நீலம், பச்சை, சிவப்பு. மறுபடி நீலம், பச்சை, சிவப்பு. எனக்குச் சோறு போட்ட வேலை ஆயிற்றே இது! 24 வருடம் ஆஃப்செட் அச்சகத்தில் படத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும் கலர் செபரேஷனும், நிறத்துக்கு ஒன்றாக அச்சுத் தகடு செய்யும் பிளேட் வேலையும் பார்த்தவன் நான். நான்கு நிறங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்கார வைத்து, அட்டைப்படத்துப் பெண்ணின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளியே வழியாமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. ரிஜிஸ்டர் பார்ப்பது என்போம். ஜூனோகேம் நம்மைச் செய்யச் சொல்வதும் அதைத்தான். ஒரே வித்தியாசம், அச்சகத்தில் தாள் ஓடும், கேமரா ஓடாது. இங்கே கேமராவும் ஓடுகிறது, சுற்றவும் செய்கிறது.

யாருக்காக இந்த மதிப்புரை என்றால், கோள்களைப் பற்றிச் செய்தி படிப்பதோடு நிற்காமல் கையை நனைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. நாசாவின் ஜூனோ விண்கலம் 2011 ஆகஸ்ட் 5 அன்று கிளம்பி, 2016 ஜூலையில் வியாழனின் சுற்றுப்பாதைக்குள் போய்ச் சேர்ந்தது. ஈர்ப்பு, காந்தப்புலம், மேகங்களுக்கு அடியில் இருக்கும் நீராவி இவற்றை அளப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதற்குச் சாதாரணக் கேமரா தேவையே இல்லை. பொதுமக்களுக்காகத்தான் ஒன்றைச் சேர்த்து அனுப்பினார்கள், அதுதான் ஜூனோகேம். செய்தது மாலின் ஸ்பேஸ் சயின்ஸ் சிஸ்டம்ஸ். எடுத்த படங்களைத் திட்டத்தின் இணையதளத்தில் மூல வடிவிலேயே போட்டுவிடுகிறார்கள். யாரும் இறக்கலாம், செப்பனிடலாம், செய்ததைத் திரும்ப அங்கேயே ஏற்றலாம். 2017 ஜனவரியில் ஒரு படி மேலே போய், பிப்ரவரி 2 அன்று விண்கலம் வியாழனை நெருங்கும்போது எதைப் படம் எடுக்கலாம் என்று பொதுமக்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் சூடு பட்டவன் நான். அதையும் சொல்லிவிடுகிறேன். 'கோள் அறிவியலில் ஆராய்ச்சி வாய்ப்பு' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்த ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பதிவு செய்து வைத்த உரைகளும், ஏற்கெனவே பளபளப்பாக்கிய படங்களும், கடைசியில் பத்துக் கேள்வியும் இருந்தன. சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து பிழை. ஆராய்ச்சி எங்கே என்று கேட்டேன், அடுத்த நிலை வகுப்பில் என்றார்கள். அந்த அனுபவத்தோடு இங்கே வந்ததால், பாம்பு மாதிரி ஒரு கோப்பை யாரோ கையில் திணித்தது எனக்கு மரியாதையாகவே பட்டது. பச்சைக் காய்கறியைக் கொடுத்து, நீயே நறுக்கிக்கொள் என்கிறார்கள். கல்யாணச் சாப்பாடு வேண்டுமென்றால் வேறு பந்திக்குத்தான் போக வேண்டும்.

சரி, அந்தப் பாம்பு எப்படி உருவாகிறது? ஜூனோ நிமிடத்துக்கு இரண்டு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. கேமராவின் உணரியின் (சென்சார்) மேலேயே நீலம், பச்சை, சிவப்பு, மீத்தேன் (அந்த வாயு உறிஞ்சும் ஒளிக்கானது) என நான்கு வடிகட்டிகளைப் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கிறார்கள். விண்கலம் சுழலும்போது வியாழன் இந்தப் பட்டைகளைக் கடந்து போகிறது. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு நிறத்துக்கு 128 வரிசை உயரமுள்ள துண்டு ஒன்று கிடைக்கும். ஒரே மேகத்தைச் சிவப்பு ஒரு நொடியில் பார்க்கும், நீலம் வேறொரு நொடியில் பார்க்கும். விண்கலமும் சும்மா நிற்பதில்லை. வியாழனின் மேகங்களுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 58 கிலோமீட்டர் அளவு வேகத்தில், வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை சுமார் இரண்டு மணி நேரத்தில் பாய்ந்து போகிறது. ஆகவே முதல் துண்டை எடுத்த இடம் வேறு, கடைசித் துண்டை எடுத்த இடம் வேறு. அளவு மாறும், கோணம் மாறும். லென்ஸ் அகலக் கோணம் என்பதால் ஓரத்தில் வளைவும் உண்டு.

எனக்குத் தெரிந்த வழியில்தான் முதலில் இறங்கினேன். கிம்ப் மென்பொருளில் மூன்று அடுக்கு வைத்து, கையாலேயே நகர்த்தி நகர்த்திச் சேர்த்தேன். நடுவில் அழகாக உட்கார்ந்தது, ஓரங்களில் சிவப்பும் நீலமும் பிரிந்து, கண்ணாடி போடாமல் பார்க்கும் முப்பரிமாணப் படம் மாதிரி இருந்தது. அச்சகமாக இருந்தால் அத்தனை தாளும் கழிவுதான். ஒரு வாரம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டேன்: இது கையால் தீர்கிற கணக்கு இல்லை. ஒவ்வொரு நொடியும் விண்கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்ற தகவலை ஸ்பைஸ் என்ற கோப்புகளாக நாசாவே வெளியிடுகிறது. அதை வைத்துத் துண்டுகளை ஒரு கோளத்தின் மேல் ஒட்டிப் பிறகு தட்டையாக்க வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஐசிஸ் மென்பொருள் இதைச் செய்யும். கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் சொந்தமாகவும் எழுதலாம். எனக்கு அக்கா மகன் உதவினான். "மாமா, நீங்க கையால நகர்த்தினத நான் நாப்பது வரில எழுதிட்டேன்" என்றான். அந்த நாற்பது வரியைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று என்பதை அவனிடம் சொல்லவில்லை.

இவ்வளவு கஷ்டம் வேண்டாம் என்பவர்களுக்கு, வரைபடமாகத் தட்டையாக்கிய படங்களும், நிறம் நிறமாகப் பிரித்த படங்களும் அங்கேயே கிடைக்கின்றன. அதிலேயே ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் ருசி பாம்பில்தான்.

முதல் தடவை ரிஜிஸ்டர் சரியாகச் சேர்ந்த படம் 2017 ஜூலை 11 அன்று எடுத்தது. ஏழாவது பெரிஜோவ். விண்கலம் வியாழனை மிக நெருங்கும் கட்டத்துக்கு அந்தப் பெயர், இந்தப் படங்களோடு உட்காருகிறவர்கள் தேதியைவிட அதைத்தான் அதிகம் சொல்வார்கள். அன்றைக்கு ஜூனோ பெருஞ்சிவப்புப் புள்ளிக்கு நேர் மேலே, சுமார் 9000 கிலோமீட்டர் உயரத்தில் போயிற்று. பூமியைவிடப் பெரிய புயல் அது. திரையில் மெல்ல ஏறி வந்து உட்கார்ந்தபோது நான் முதலில் பார்த்தது புயலை இல்லை, ஓரத்தை. பழக்க தோஷம். நிறம் எங்கேயாவது பிதுங்குகிறதா என்று பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் புயலைப் பார்த்தேன்.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அங்கே ஏற்றப்படும் படங்களில் பாதி, மையை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். நீலச் சுழிகள் மயில் கழுத்து மாதிரி மின்னும். உண்மையில் வியாழன் வெளிறிய பழுப்பும் பாலேடும் கலந்த நிறம். சூரியனிலிருந்து பூமியைவிட ஐந்து மடங்குக்கு மேல் தள்ளி இருப்பதால், அங்கே விழும் வெளிச்சம் நமக்குக் கிடைப்பதில் 27-ல் ஒரு பங்குதான். வேறுபாட்டைக் கூட்டினால்தான் மேகங்களின் நெளிவு தெரியும், அது ஆய்வுக்கும் உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அதை 'இதுதான் வியாழன்' என்று காட்டும்போது, ப்ரூஃப் பார்க்கிற கண் உறுத்துகிறது. இந்தப் படங்களைச் செப்பனிடும் ஜெரால்ட் ஐக்ஸ்டாட், கெவின் கில் போன்றவர்களின் படங்களை எடுத்துப் பாருங்கள். எதற்காகக் கூட்டினார்கள் என்ற காரணம் படத்திலேயே தெரியும். ஐக்ஸ்டாட் ஓர் ஆர்வலராக வந்தவர், வியாழனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக இருக்கிறது. இந்தக் கேமராவுக்குத் தலைமை தாங்கிய கேண்டிஸ் ஹான்சன் போன்றவர்கள், படத்தைச் செப்பனிடும் பொறுப்பைப் பொதுமக்களிடம் நம்பி விட்டதன் பலன் அது.

என் பங்குக்கு நான் கண்டுபிடித்தது ஒரு தூசி. வியாழனின் இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. மின்னல்! 2020 டிசம்பர் 30 அன்று எடுத்த ஒரு படத்தில் வடதுருவம் பக்கம் சுழிக்குள் பச்சையாக ஒரு மின்னல் வெட்டை ஜூனோகேம் பிடித்திருக்கிறது, அதைச் செப்பனிட்டவர் கெவின் கில்தான். நமக்கும் ஒன்று அகப்பட்டது என்று இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் அடுத்த துண்டைப் பார்த்தேன். அதே வரிசை, அதே இடம், அதே புள்ளி. அதற்கடுத்த துண்டிலும் அப்படியே. பிளேட்டில் ஒட்டிய தூசி ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் விழுமே, அதேதான். உணரியில் பழுதான ஒரு பிக்சல். 24 வருடம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை நானே மறந்திருக்கிறேன்.

பிக்சல் பழுதாவதில் ஆச்சரியம் இல்லை. வியாழனைச் சுற்றியிருக்கும் கதிர்வீச்சு அப்படிப்பட்டது. விண்கலம் வியாழனை எட்டுச் சுற்று வரும்வரையாவது இந்தக் கேமரா தாக்குப்பிடித்தால் போதும் என்றுதான் வடிவமைத்தார்கள். அது 40-ஐயும் தாண்டியது. 47-ஆவது சுற்றில் தளர ஆரம்பித்து, 56-ஆவது சுற்றில் அநேகமாக எல்லாப் படமும் கோடு கோடாகக் கெட்டுப்போயின. அடுத்து, வியாழனின் நிலாக்களில் ஒன்றான ஐயோவை நெருங்கும் நாள், 2023 டிசம்பர் 30. கேமராவின் வெப்பமூட்டியை முழு அளவுக்கு ஏற்றிப் பல நாள் சூடாக்கினார்கள். சூட்டில் உணரிப் பொருளின் பழுது கொஞ்சம் ஆறலாம் என்ற கணக்கு. கடைசி நாட்கள் வரை பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. பிறகு தெளிந்தது. ஐயோவுக்கு சுமார் 1500 கிலோமீட்டர் அருகே போனபோது எடுத்த படங்களில் மலைகளின் நிழல்கூடக் கூர்மையாக இருக்கிறது. சூடாக்குவதற்கு முன்னால் எடுத்த மூலப்படம் ஒன்றையும், ஐயோவின் மூலப்படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். இந்தச் சேவையிலேயே எனக்குப் பிடித்த காட்சி அதுதான். மெருகேற்றிய படத்தை மட்டும் கொடுத்திருந்தால் இந்தக் கதை நமக்குத் தெரிந்தே இருக்காது.

ஆய்வு வாய்ப்பு என்றால் உண்மையில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: வேலை நியமனம் கிடைக்காது. கிடைப்பது, சரியான நேரத்தில் சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு. 2020 மே 31 அன்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிளைட் ஃபாஸ்டர் தன் தொலைநோக்கியில் மீத்தேன் வடிகட்டி போட்டு வியாழனில் புதிதாக ஒரு பிரகாசமான புள்ளியைப் பார்த்தார். இரண்டே நாளில், ஜூன் 2 அன்று, ஜூனோ அந்தப் பக்கமாகவே போயிற்று, ஜூனோகேம் அதைப் படமும் எடுத்தது. இன்று அதற்கு கிளைட்டின் புள்ளி என்றே பெயர். நம் சண்முக சுப்பிரமணியன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019-இல் நிலவில் மோதிய விக்ரம் தரையிறங்கு கலத்தின் சிதறலை, எல்லாருக்கும் திறந்து வைத்த, நிலவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலத்தின் படங்களைப் பழையதும் புதியதுமாக ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். நாசா அதை உறுதிசெய்து அவர் பெயரையும் சொன்னது. இரண்டிலும் ஆய்வுக்கூட அடையாள அட்டை யாரிடமும் இல்லை.

பாம்போடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால் பொதுமக்கள் ஆய்வுக்கு உதவும் ஜூனிவர்ஸ் தளத்தில் 2022-இல் தொடங்கிய ஜோவியன் வோர்டெக்ஸ் ஹண்டர் இருக்கிறது, இப்போது வேலை திறந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனோகேம் படங்களை வெட்டிக் கொடுப்பார்கள், சுழிகளைச் சுற்றிக் கோடு போட வேண்டும். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்யலாம். செவ்வாய் பிடிக்குமென்றால், அதைச் சுற்றும் விண்கலத்தில் இருக்கும் ஹைரைஸ் கேமராவுக்கு எந்த இடத்தைப் படம் எடுக்கலாம் என்று நாமே பரிந்துரைக்கும் ஹைவிஷ் உண்டு. பரிந்துரைத்துவிட்டு மறந்துவிடுவது நல்லது. அந்தக் கேமரா ஒரு சின்னத் துண்டு நிலத்தைத்தான் ஒரு தடவைக்குப் பார்க்கும், வரிசை பெரிது.

யாருக்கு ஜூனோகேம் ஒத்துவராது? ஒரு மாலையில் சுவரில் மாட்டும் படம் வேண்டும் என்பவர்களுக்கு. கோளின் துல்லியமான அளவீடு வேண்டும் என்பவர்களுக்கும் சிரமம். இதை அளவுகோலாகச் செய்யவில்லை, நாமே நிறத்தையும் பிரகாசத்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும். தூரத்தில் இருக்கும்போது எடுத்த படங்களில் வியாழன் சுண்டைக்காய்தான்.

ஆரம்பிக்கிறவர்கள் நேராகத் துருவப் படங்களுக்குப் போகாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். வியாழனின் அச்சு மூன்று டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, அதனால் பூமியிலிருந்து துருவங்கள் சரியாகத் தெரியாது. நடுவில் ஒன்று, சுற்றி எட்டு எனப் புயல்கள் வடதுருவத்தில் கொத்தாக நிற்பதை ஜூனோதான் காட்டிற்று. ஆனால் அங்கே வெளிச்சம் சாய்ந்து விழும், பாதி இருட்டு, ஒட்டு தெரியாமல் சேர்ப்பதற்குள் முழி பிதுங்கும். ஏழாவது பெரிஜோவில் தொடங்குங்கள். சிவப்புப் புள்ளி பெரியது, தப்பு செய்தால் உடனே தெரியும்.

நான் இப்போது மீத்தேன் படங்களில் இறங்கியிருக்கிறேன். அதில் ஒரே பிளேட்தான், ரிஜிஸ்டர் பார்க்கிற வேலையே இல்லை. கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கிறது.