மெரினா தண்ணீரா, பாக்கெட் உப்பா?

வீட்டில் கடல் நீரில் பவளம் வளர்க்கத் தொட்டி வைக்கக் கிளம்பும் சென்னைக்காரருக்கு முதலில் தோன்றுவது இதுதான்: கடல் பக்கத்தில்தானே, கேனில் பிடித்து வந்தால் என்ன? காசு மிச்சம்தான். ஆனால் கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத்தில் சாக்கடையும் சேர்ந்தே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் இறங்கிவிடும். 20 லிட்டர் கேன் இரண்டோடு மாடியேறிப் பாருங்கள், மீதியை முதுகு சொல்லும்.

பாக்கெட்டில் வரும் கடல் உப்புக் கலவைக்குச் செலவு கூடுதல். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் போட்டு, சின்ன பம்பை ஓடவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கலங்கல் தெளிந்து உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) காட்டினால் சரி. தண்ணீர் மட்டும் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) 0 காட்டும் ஆர்ஓ-டிஐ, அதாவது வடிகட்டி அயனியும் நீக்கிய நீராக இருக்கட்டும்; குழாய்த் தண்ணீரில் பாசி மண்டும். சமையல் உப்பா? பவளம் கூடு கட்டக் கால்சியம் வேண்டுமே!

படகில் கரை தாண்டிப் போய் எடுத்துத் தர ஆள் இருந்தால் கடல் நீரும் நல்லதே. இல்லையென்றால் என் ஓட்டு பாக்கெட்டுக்கு. எதுவானாலும், ஆவியாகிக் குறையும் அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்றுங்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே கிடக்கும்.